தோடியிலிருந்து தொடங்கலாம்: பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்பது பற்றி

"இப்போது நீங்கள் என்னென்ன ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? ஒரு பட்டியல் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் இருப்பதாகவும், அண்மையில்தான் கர்நாடக இசையைக் கேட்கத் தொடங்கியதாகவும், வீட்டில் அப்பாவின் கசற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வசனம்: பழைய பதிவுகள் எல்லாம் ஒரே இரைச்சல், அவற்றைப் பெரியவர்கள் ஏன் விடாமல் கேட்கிறார்கள் என்று விளங்கவில்லை. என் எண்ணத்தில் அந்த வசனம்தான் உங்கள் உண்மையான கேள்வி. பட்டியலைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அந்த இரைச்சல் விஷயத்துக்கு ஆறுதலாக வருகிறேன். நான் கொழும்பில் நெடுங்காலமாக வயலின் கற்பித்து வருகிறவள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதுதான் என் அன்றாட வேலை. வயலின், வாய்ப்பாட்டு பற்றிச் சொல்வதைப் பயிற்சியிலிருந்து சொல்கிறேன். தவில், மிருதங்கம் பற்றிச் சொல்வதை ஒரு ரசிகையின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். ஹிந்துஸ்தானியிலோ மேற்கத்திய இசையிலோ ஆலோசனை சொல்லும் அளவுக்கு எனக்குப் பயிற்சி இல்லை.

இந்த மாதங்களில் என் வீட்டில் ஓடுவது பெரும்பாலும் தோடி. ஒரு ராகத்தை எடுத்தால் அது காதில் ஊறும் வரை அதையே பல பேரிடம் கேட்பது என் வழக்கம். அதனால் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இசைத்தட்டு, அவருடைய நீண்ட தோடி வாசிப்பு, அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம், அதிலும் எங்கள் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தவில் வாசித்த பதிவுகள், இவை முதல் வரிசையில் நிற்கின்றன. காலையில் வகுப்புக்கு முன் இராமநாதபுரம் கிருஷ்ணன். பிள்ளைகள் போனபின் டி. பிருந்தாவும் டி. முக்தாவும் சேர்ந்து பாடிய, க்ஷேத்ரக்ஞர் இயற்றிய பதங்கள் என்ற மெதுவான பாடல்கள். இடையிடையே எம்.டி. ராமநாதன் சஹானா ராகத்தில் பாடிய "கிரிபை" என்ற கிருதி (கீர்த்தனை). பட்டியல் இவ்வளவுதான். புதிய பாடகர்களையும் கேட்கிறேன்; ஆனால் அவர்களை மண்டபத்தில் நேரே கேட்பதையே விரும்புவதால் இதில் சேர்க்கவில்லை.

தோடி என்று தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடநாட்டு இசையிலும் தோடி என்று ஒரு ராகம் உண்டு, அது வேறு. அதன் சுரங்கள் ஏறத்தாழ நம்முடைய சுபபந்துவராளிக்குப் பொருந்தும். நம்முடைய தோடியின் சுரங்களோ அவர்களுடைய பைரவிக்கு நெருங்கியவை. யூரியூப்பில் வெறுமனே தோடி என்று போட்டால் இரண்டும் கலந்துதான் வரும். புதிதாகக் கேட்கிறவர் அதில் குழம்பி, தனக்குக் காது போதாது என்று நினைத்துவிடக் கூடாது.

இனி இரைச்சலுக்கு வருகிறேன். பழைய பதிவு ஒன்றைப் போடும்போது நான் முதலில் என்னிடம் கேட்பது, இது எந்தப் பதிவுக் கருவிக்காக, எந்த இடத்தில் பாடப்பட்டது என்பதுதான். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றிலிருந்து மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். 1925 அளவில் மின்சார ஒலிப்பதிவு வரும் வரை மைக்கே கிடையாது. பாடகர் ஒரு பெரிய குழலுக்குள் உரத்துப் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறியது. மிருதங்கம் அதில் சரியாக விழாது; தம்புராவை அறவே கேட்க முடியாது. ஒரு மணித்தியாலம் விரிக்கக்கூடிய ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும் என்றால் எதை விடுவது, எதைக் கட்டாயம் வைத்துக்கொள்வது என்று வித்துவான் தீர்மானித்தே ஆக வேண்டும். அந்தத் தட்டுகளை நான் மதிப்பது இதற்காகத்தான். ஒரு மேதை ராகத்தின் உயிர்நாடி என்று எதை நினைத்தார் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. தட்டுக்காக அவர்கள் பாட்டின் வேகத்தைக் கூட்டினார்களா, கச்சேரியிலும் அப்படித்தான் பாடினார்களா என்பது வாதத்துக்குரியது. சில கிருதிகளில் கூட்டியிருக்கிறார்கள் என்றே என் காதுக்குப் படுகிறது. அது என் ஊகம் மட்டுமே.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். தோடியின் முகம் அதன் காந்தாரம், அதாவது "க" என்ற சுரம். எழுத்தில் அதன் பெயர் சாதாரண காந்தாரம். ஆனால் பாடும்போது அந்த இடத்தில் அது நிலையாக நிற்பதே அரிது. ரிஷபத்துக்கும் (ரி) மத்திமத்துக்கும் (ம) இடையில் அகலமாக அசைந்துகொண்டே இருக்கும். சுருதி பார்க்கும் செயலி ஒன்றைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தட்டைப் போட்டுப் பாருங்கள். ஷட்ஜத்திலும் (ச) பஞ்சமத்திலும் (ப) முள் வந்து நிற்கும். காந்தாரத்தில் நிற்பது மிக அரிது. மேலும் கீழும் ஓடும். என் மாணவர்களுக்கு இதைக் காட்டிய பிறகுதான் விரலை ஒரு புள்ளியில் வைத்து நடுக்குவதைக் கைவிட்டு, தந்தியில் விரலை முழுத்தூரமும் இழுத்து அசைக்கத் தொடங்குவார்கள். நாதஸ்வரத்தில் இந்த அசைவு மூச்சின் அழுத்தத்தாலும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதடு பிடிக்கும் விதத்தாலும், துளையை விரல் பாதி மூடித் திறப்பதாலும் வருகிறது. அவ்வளவு கரகரப்புக்குள்ளும் அந்த அசைவின் அகலமும் நிதானமும் தெளிவாகக் கேட்கும். தட்டின் கீறல் சத்தம் ஒரே மாதிரித் தொடர்ந்து வருவது. சுரத்தின் அசைவான கமகமோ கணத்துக்குக் கணம் மாறுவது. முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு மனம் தானாகவே மாறுவதைப் பின்தொடர்ந்து, மாறாததை விட்டுவிடும். பெரியவர்கள் இரைச்சலைச் சகித்துக்கொண்டு கேட்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. ஒரு மாதம் பொறுங்கள், உங்களுக்கும் அப்படி ஆகும்.

மேடைக்கு மைக் வருவதற்கு முந்திய காலத்தின் தடயங்களும் இந்தப் பதிவுகளில் உண்டு. நாடக மேடையில் பாடிய எஸ்.ஜி. கிட்டப்பாவைக் (1906–1933) கேட்டால், ஓர் ஆண் குரல் இவ்வளவு உச்சச் சுருதியில் இத்தனை சுலபமாக நிற்குமா என்று வியப்பு வரும். கொட்டகையின் கடைசி வரிசைக்கு மைக் இல்லாமல் கேட்க வேண்டுமானால் சுருதி ஏறித்தான் ஆக வேண்டும். வயலினிலும் அதே நெருக்கடி இருந்தது. மைசூர் சௌடய்யா நான்கு தந்தி வயலினில் மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்தி வயலின் வாசித்தது நாதம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே. அவருடைய பதிவுகளில் வில் விழும் இடமெல்லாம் ஒரு கனம் இருக்கும். இன்றைய வயலினின் மெல்லிய இழைக்குப் பழகிய காதுக்கு அது முரடாகக்கூடத் தோன்றலாம். எனக்கு அது மண்டபம் நிறைந்த மனிதர்களை நினைத்து வாசித்த வாசிப்பாகத் தெரிகிறது.

பிறகு மேடைக்கும் மைக் வந்தது, சுருதி இறங்கியது. அந்த மாற்றத்தின் மறு அந்தத்தில் எம்.டி. ராமநாதன் (1923–1984) இருக்கிறார். கனத்த குரல், மந்தர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், நிதானமாக உலாவும் பாட்டு, அடுத்த சொல் வருவதற்கு முன் நீண்ட இடைவெளி. மைக் இல்லாத பெரிய மண்டபத்தில் இந்தப் பாட்டு முன்வரிசைக்கு அப்பால் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம். அவருடைய "கிரிபை"யைக் கேட்கிற சிலர் பத்து நிமிடத்தில் பொறுமை இழந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சஹானாவை இவ்வளவு கிட்டப்போய்ப் பார்த்த வேறொருவரை நான் கேட்டதில்லை. பின்னேரம் காலி வீதி வாகனச் சத்தத்துக்கிடையில் கேட்கிற பாட்டு அல்ல அது. இரவு பத்து மணிக்குப் பிறகு, ஹெட்போனில் கேளுங்கள்.

வானொலிப் பதிவுகள் இன்னொரு வகை. அகில இந்திய வானொலி 1952இல் தொடங்கிய தேசிய நிகழ்ச்சியில் ஒரு கலைஞருக்கு ஒன்றரை மணித்தியாலம் கிடைக்கும். சிறிய நிகழ்ச்சிகளில் அரை மணித்தியாலம்தான். கலையகத்தில் கைதட்டல் இல்லை, சபையின் உற்சாகம் இல்லை. நேரம் பார்த்து முடிக்க வேண்டும். ஆனால் சுருதி சுத்தமாக இருக்கும், தம்புரா கேட்கும், பக்கவாத்தியங்கள் அளவாக விழுந்திருக்கும். பாடாந்தரத்தை, அதாவது ஒரு கிருதியின் சங்கதிகளை (ஒரே வரியைப் பாடும் வெவ்வேறு வடிவங்களை) ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நான் வானொலிப் பதிவுக்கே போவேன். மனம் பொங்கிப் பாடியதைக் கேட்க வேண்டுமென்றால் சபையில் யாரோ ஒரு ரசிகர் ரேப் றெக்கோடரை மடியில் வைத்துக்கொண்டு எடுத்த பதிவுக்குப் போவேன். இருமல் கேட்கும், கதிரை இழுபடும், மிருதங்கம் குரலை மூடிவிடும். ஆனாலும் ஒரே வரியைப் பலவிதமாக விரித்து நிரவல் செய்கிறபோது பாடகர் தன்னை மறந்து போவது அதில்தான் கிடைக்கும்.

உங்களுடைய இப்போதைய நிலைக்கு நான் முதலில் கையில் தருவது இராமநாதபுரம் கிருஷ்ணனை (1918–1973). 1960களின் பிற்பகுதியில் அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அக்காலத்தில் நொன்சச் என்ற அமெரிக்க நிறுவனம் அவருடைய பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. மிருதங்கம் டி. ரங்கநாதன், நடன மேதை பாலசரஸ்வதியின் தம்பி. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழும் அளவுக்குத் தெளிவான பதிவு; இரைச்சல் என்று நீங்கள் முறையிட அதில் எதுவும் இல்லை. குரலில் ஆர்ப்பாட்டம் கிடையாது. ராகத்தைக் கெஞ்சிக் கூப்பிடுவது போல அவர் ஒரு பிடியை (ராகத்தின் சிறு சுரத்தொடரை) வைத்துவிட்டு, சற்று நின்று, அடுத்ததற்குப் போவார். அந்த நிறுத்தங்களுக்குள் வயலின் என்ன பதில் சொல்கிறது என்று கவனியுங்கள். பக்கவாத்தியம் பாடகரைத் தொடர்வது எப்படி என்று நான் சொற்களால் விளக்குவதைவிட அது நன்றாகக் காட்டிவிடும். இதில் காது பழகிய பிறகு பிருந்தா, முக்தாவிடம் போங்கள். அவர்கள் வீணை தனம்மாளின் (1867–1938) பேத்திகள். ஒரு பதத்தை அவர்கள் பாடுகிற விளம்ப காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், ஒவ்வொரு அசையும் ஒரு ராக ஆலாபனை அளவுக்கு வேலை கொண்டது. நான் இன்னும் அங்கே கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தெட்சணாமூர்த்தியைப் பற்றி (1933–1975) தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயர் மட்டுமே தெரிகிறது. இணுவிலில் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, தமிழகத்தின் முதல்வரிசை நாதஸ்வரக்காரர்களே விரும்பி அழைத்த தவில்காரர். தவிலில் ஒரு கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலை என்ற பக்கத்தில் வாசிக்கிறது. மறு கை கழியால் தொப்பி என்ற மறுபக்கத்தில் அடிக்கிறது. அந்தக் காலத்து மைக்குக்கு இந்தச் சத்தம் தாங்காது; பல பதிவுகளில் தவில் வரும்போது ஒலி உடைந்துவிடும். அப்படியிருந்தும் அவர் பதிவுகளில் விரல் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், எத்தனை வேகத்திலும் தனித்தனியாக விழுவது கேட்கிறது. கணக்கு வழக்குகளை அளந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்குப் பிடித்தது அவர் வாசிக்காமல் விடும் இடங்கள். காருகுறிச்சியார் ஒரே சுரத்தை நீட்டிக் கார்வையில் நிற்கும்போது தவில் அடங்கி வழிவிடும். அந்த அடக்கத்தைக் கேளுங்கள்.

இப்போது ஒரு தொழில்நுட்ப விஷயம். இது நிச்சயமானது, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. 74 சுற்றில் பதிவான ஒன்றை 78இல் ஓட்டினால் வேகம் ஐந்து வீதத்துக்கு மேல் கூடுகிறது. சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). மூன்று நிமிடம் இருபது விநாடி நீளமான பாட்டு மூன்று நிமிடம் பத்து விநாடியில் முடிந்துவிடும். கசற்றிலும் இது நடக்கும். பதிவு செய்யும்போது பற்றரி இறங்கிக்கொண்டு போனால், பிறகு சரியான வேகத்தில் ஓட்டும்போது கச்சேரி போகப்போகச் சுருதி ஏறிக்கொண்டே போகும். ஆண் பாடகர்கள் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டரைக் கட்டைக்குள், பெண் பாடகர்கள் நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள் பாடுவார்கள். ஒரு பதிவில் குரல் மெலிந்து, பிருகாக்கள் என்ற அதிவேகச் சுர ஓட்டங்கள் நம்ப முடியாத வேகத்தில் ஓடினால் முதலில் வேகத்தைச் சந்தேகியுங்கள். இதற்கு ஒரு வழி உண்டு. நம் நாட்டிலும் இந்தியாவிலும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பதிவின் அடியில் கேட்கும் மின் உறுமல் 50இல் இல்லாமல் 53இல் இருந்தால் ரேப் ஆறு வீதம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். இந்த வழிக்கும் ஒரு வரம்பு உண்டு: உறுமல் பிறகு நகல் எடுத்த இயந்திரத்திலிருந்தும் வந்திருக்கலாம். அதைத் தனிச் சான்றாக எடுக்காமல், குரலோடும் சுருதியோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிட்டப்பா போன்றவர்களை இந்தக் கணக்கை வைத்துக் கீழே இறக்கிவிடவும் கூடாது; அவர் உண்மையிலேயே அந்த உயரத்தில் பாடியவர்.

இரைச்சல் நீக்கித் துப்புரவு செய்த பதிவுகள் என்று பல வருகின்றன. அவற்றை நான் தவிர்க்கிறேன். தம்புராவின் ரீங்காரம், வயலின் வில்லின் உரசல், மிருதங்கத்தின் சாப்புச் சொல் எல்லாவற்றின் மேல்நாதங்களும் ரேப்பின் சீறல் இருக்கும் அதே பகுதியில்தான் இருக்கின்றன. சீறலை முழுவதும் எடுத்தால் அவையும் சேர்ந்து போய்விடும். குரல் பஞ்சுக்குள் வைத்தது மாதிரி ஆகிவிடும். இரண்டு பிரதிகள் இருந்தால் இரைச்சல் கூடியதையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். போனின் ஒலிபெருக்கியிலும் கேட்க வேண்டாம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதில் வரவே வராது, தாளம் பாதியாகிவிடும். சாதாரண ஹெட்போன் போதும். பதிவேற்றியவர் எழுதியிருக்கும் பெயர்களையும் அப்படியே நம்ப வேண்டாம். பாடகர் பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயரும் ஆண்டும் பல இடங்களில் ஊகமே. நல்ல மிருதங்கம் என்றால் பாலக்காடு மணி ஐயர் என்று போட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது.

பதிவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் நாதஸ்வரத்தின் அளவு விளங்காது. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலில் ஒரு திருவிழா நாளில் போய் நில்லுங்கள். கருங்கல் மண்டபத்தில் நாதம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதையும், வாசிப்பவர் அந்தத் திரும்பலுக்கு இடம் விட்டு அடுத்த பிடியை எடுப்பதையும் கேட்கலாம். ஆடிவேல் ஊர்வலத்தில் தெருவில் கேட்கும் நாதஸ்வரம் இதே வாத்தியமா என்று தோன்றும், அவ்வளவு வித்தியாசம். இரண்டையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போட்டால், அந்த மூன்று நிமிடத்துக்கு வெளியே எவ்வளவு இருந்திருக்கும் என்று உங்கள் காதே நிரப்பிக்கொள்ளும்.

அப்பாவின் பெட்டியைப் பற்றி எழுதாமல் முடிக்க மனம் இல்லை. உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். கடையில் வாங்கிய கசற்றுகள் போனால் வேறு பிரதி கிடைக்கும். கையால் பெயர் எழுதியவற்றை முதலில் தனியே எடுங்கள்: வானொலியிலிருந்து எடுத்தவை, சரஸ்வதி மண்டபத்திலோ இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ எடுத்தவை, உறவினர் வீட்டுக் கலியாணத்து நாதஸ்வரம். இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். கடற்காற்றும் ஈரப்பதனும் உள்ள வெள்ளவத்தையில் ரேப்பில் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். கசற்றின் சன்னலுக்குள்ளால் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெண்மையாகப் படிந்திருக்கும். அப்படி இருந்தால் இயந்திரத்தில் போடவே வேண்டாம். அது இயந்திரத்தின் வாசிக்கும் தலையில் ஒட்டி மற்றக் கசற்றுகளுக்கும் பரவும். அவற்றைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்விக்க வேண்டும். நல்லவற்றின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தட்டுகளையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக அழிந்து போகாது. 120 நிமிடக் கசற்றுகளின் நாடா மிக மெல்லியது. வேகமாக முன்னும் பின்னும் ஓட்ட வேண்டாம். கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுத்து, அந்த மூலப் பிரதியில் எந்தத் துப்புரவும் செய்யாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். அட்டையில் அப்பா எழுதியிருப்பதைப் படம் பிடித்து, பிழையாகத் தோன்றினாலும் திருத்தாமல் அப்படியே கூட வையுங்கள். உள்ளூர்க் கலைஞர்களின் பதிவு ஏதும் அகப்பட்டால் நூலகம் நிறுவனத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். நம் நாட்டுத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திப் பேணுகிறவர்கள் அவர்கள். பெட்டியில் நாதஸ்வரக் கசற் ஏதாவது இருந்து, யார் வாசித்தது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள். ராகத்தையாவது சொல்லிவிடுவேன், தவில் யார் என்பதற்கு அளவெட்டிப் பக்கத்து ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.